உயிரோடிருக்கும் செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பதும் மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பதும் என் வேலை. போன பள்ளி விடுமுறையில் ஒரு கோயில் மண்டபத்தில் படிவம் ஆறு மாணவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்து எல்லோரும் பசியாற உட்கார்ந்த பிறகுதான் நிஜமான கேள்விகள் வந்தன. பிள்ளைகளைவிட, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள்தான் அதிகம் கேட்டார்கள். அங்கே வாயால் சொன்னதைக் கொஞ்சம் திருத்தி, அவசரத்தில் விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டி.என்.ஏ. கேள்விப்பட்டிருக்கிறோம். நீங்கள் ஏன் ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறீர்கள்?

மாமாக் கடைச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியலை டி.என்.ஏ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் அதே பட்டியல், நடுராத்திரியிலும் அதே பட்டியல். இப்போது அடுப்பில் என்ன வேகிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு, மேசையில் கேட்டு எழுதி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும் துண்டுச் சீட்டைப் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. ஈரல் செல்லிலும் தோல் செல்லிலும் பட்டியல் ஒன்றே, சீட்டுகள்தான் வேறு. புற்றுநோய் வந்த செல்லில் சில சீட்டுகள் தேவைக்கு மேல் குவியும், சில காணாமல் போகும். டிங்கி வைரஸ் இன்னும் மோசம். வெளியாள் தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் நுழைவதுபோல, சுமார் 11,000 எழுத்து நீளமுள்ள தன் ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் இறக்கி, அதையே படித்துச் சமைக்க வைத்துவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு: மைக்ரோ ஆர்.என்.ஏ. 22 எழுத்து அளவுதான் இருக்கும். இது சீட்டு இல்லை, சீட்டைக் கிழித்துப்போடும் ஆள். 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டபோது, புழுவின் விசித்திரம் என்றே பலரும் விட்டுவிட்டார்கள். 2024இல் அதற்குத்தான் மருத்துவ நோபல். மனிதரில் மிர்-21 என்ற ஒன்று பல வகைப் புற்றுகளில் அளவுக்கு மீறி இருக்கிறது. அதனால் இந்தத் துறையில் யார் புதிதாக எதைச் செய்தாலும் முதலில் மிர்-21ஐத் தேடித்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.

அதற்குத்தான் பி.சி.ஆர். இருக்கிறதே?

இருக்கிறது, நம்பகமானதும்கூட. ஆனால் பி.சி.ஆர். செய்ய செல்லை உடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான செல்களை ஒன்றாக உடைத்துக் கலக்கி எடுத்தால் கிடைப்பது சராசரி. நூறு செல்களில் ஐந்தில் மட்டும் அந்த ஆர்.என்.ஏ. கொட்டிக் கிடந்தாலும், நூறிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் கணக்கு ஒன்றாகவே தெரியலாம். புற்றில் அந்த ஐந்துதான் முக்கியமாக இருக்கும். அடுத்தது நேரம். மருந்து கொடுப்பதற்கு முன்னும் ஆறு மணி நேரம் கழித்தும் அதே செல்லைப் பார்க்க வேண்டுமானால், அது உயிரோடு இருந்தாக வேண்டும்.

இந்த 'புரோப்' எப்படி வேலை செய்கிறது?

தேடும் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டினால் ஒளிர்ந்து காட்டும் துப்பறியும் மூலக்கூறைத்தான் புரோப் என்கிறோம். முதலில் ஒரு கொண்டை ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழை டி.என்.ஏ.; இரண்டு முனைகளிலும் ஐந்தாறு எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு எழுதியிருக்கும் (எழுத்து என்பது இழையில் வரிசையாகக் கோத்த வேதிக் கூறு; ஒவ்வொன்றும் தன் ஜோடியோடுதான் ஒட்டும்). அதனால் தானாக மடிந்து கொண்டை ஊசி வடிவில் நிற்கும். ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. மடிந்திருக்கும்போது இரண்டும் ஒட்டி நிற்பதால் இருட்டு. நடு வளைவில் நாம் தேடும் ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்தும் எழுத்துகள் இருக்கின்றன. அந்த ஆர்.என்.ஏ. வந்து ஒட்டினால் ஊசி விரிந்து நிமிர்கிறது, சாயமும் அணைப்பானும் விலகுகின்றன, வெளிச்சம் வருகிறது. 1996இல் நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் இதை வெளியிட்டார்கள்; மாலிக்யூலர் பீக்கன் என்று பெயர். இதன் அழகு என்னவென்றால், ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி எடுக்க வேண்டியதில்லை. ஒட்டாதது இருட்டாகவே கிடக்கும். உயிருள்ள செல்லுக்குள் கழுவ வழியே கிடையாது என்பதால் இது பெரிய விஷயம்.

நானோ பக்கம் வந்தால், நானோஃப்ளேர். அதே 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு, 13 நானோமீட்டர் தங்கத் துகள்மேல் டி.என்.ஏ. இழைகளை முள்ளம்பன்றி போல நிறுத்திக் காட்டியது. இழையின் அடியில் கந்தகம் இருக்கும். தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் நல்ல ஒட்டுறவு. 2007இல் அதே குழு ஒவ்வொரு நீள இழையோடும் சாயம் தொங்கும் குட்டை இழை ஒன்றைச் சேர்த்தது. சாயம் தங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை தங்கமே ஒளியை விழுங்கிவிடும். தேடும் ஆர்.என்.ஏ. வந்தால் நீள இழையோடு முழுநீளத்துக்கும் பொருந்தி, பாதியளவே பொருந்தியிருந்த குட்டை இழையை நெட்டித் தள்ளிவிடும். அது தங்கத்தை விட்டு விலகி ஒளிரும். முதலில் அவர்கள் தேடியது, மார்பகப் புற்று செல்களில் சர்வைவின் என்ற புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வை.

தங்கமா? எத்தனை பவுன் போகும்?

ஆண்டி ஒருவர் கேட்டார், மண்டபமே சிரித்தது. நியாயமான கேள்விதான். நாங்கள் வழக்கமாக ஒரு தடவை காய்ச்சும் 100 மில்லிலிட்டர் கரைசலில் கிட்டத்தட்ட 20 மில்லிகிராம் தங்கம் இருக்கிறது. பவுன் 8 கிராம் என்றால், நானூறில் ஒரு பங்கு. லெபோ பாசார் நகைக்கடையில் தரையைக் கூட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும். செலவெல்லாம் சாயம் கோத்த டி.என்.ஏ.வுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும்தான்.

இந்தத் தங்கம் மஞ்சளாக இருக்காது. 13 நானோமீட்டர் துகளாகிவிட்டால் கரைசல் ஆயர் சிராப் நிறத்தில், நல்ல சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால் ஊதா, பிறகு நீலம். டி.என்.ஏ.வை நெருக்கமாக நிறுத்த உப்பு சேர்க்க வேண்டும். அதைச் சிறுகச் சிறுக, ஒரு நாள் முழுக்க இழுத்துச் சேர்க்க வேண்டும். முதல் மாதம் நான் அவசரப்பட்டு ஒரே ஊற்றாக ஊற்றினேன். சிராப் கண்ணெதிரே சங்குப்பூ நீலமானது. அதைத் திருப்ப முடியாது, கொட்டிவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டியதுதான்.

அளவு பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்தத் துகள்கள் ஆயிரத்தை வரிசையாக அடுக்கினால் ஒரு செல்லின் குறுக்களவு வரும்.

ஊசி போடாமல் அது எப்படிச் செல்லுக்குள் போகிறது?

செல்லே விழுங்கிக்கொள்கிறது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், செல்லின் மேல்தோலுக்கும் எதிர்மின்னூட்டம். தனி இழை அருகே போனால் விலக்கப்படும். ஆனால் தங்கத்தின்மேல் நெருக்கமாக நிற்கும் இழைகளைச் செல்லின் மேலுள்ள குப்பைபொறுக்கி ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுக்கின்றன. ஸ்கேவஞ்சர் ரிசெப்டர் என்பதை நான் இப்படித்தான் தமிழில் சொல்வது.

உள்ளே இழுப்பது என்றால் பைக்குள் போட்டு இழுப்பது. அந்தப் பையின் பெயர் எண்டோசோம். பை போகப் போகப் புளிக்கும். கடைசியில் லைசோசோம் என்ற அமிலக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டும். நாம் தேடும் ஆர்.என்.ஏ. பைக்கு வெளியே, செல்லை நிரப்பும் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. பொருள் வாசல் தாண்டி வந்துவிட்டது, ஆனால் பெட்டி திறக்கவில்லை. பையை விட்டு வெளியேறுவது மிகச் சிறு பங்குதான். இந்தத் துறையின் பாதித் தலைவலி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பையைக் கிழிக்கும் பெப்டைடுகள், புளிப்பில் விரியும் பாலிமர்கள் என்று ஆளுக்கொரு வழி தேடுகிறார்கள். அதிகமாகக் கிழித்தால் செல் செத்துப்போகும்.

ஒளிர்ந்துவிட்டால் அந்த நோய் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஒளி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சாயம் அணைப்பானை விட்டு விலகிவிட்டது. ஏன் விலகியது என்று அது சொல்லாது.

ஆர்.என்.ஏ. ஒட்டியதால் விலகியிருக்கலாம். செல்லுக்குள் டி.என்.ஏ.வை நறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை இழையைத் துண்டாக்கியதால் விலகியிருக்கலாம். தங்கத் துகள் என்றால் இன்னொரு வம்பு. நம் செல்கள் எல்லாவற்றிலும் குளூட்டாதியோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறு 1 முதல் 10 மில்லிமோலார் வரை நிறைந்து கிடக்கிறது. அதுவும் தங்கத்தோடு ஒட்டும். கூட்டம் கூட்டமாக வந்து நம் இழைகளைப் பிடுங்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். எதுவும் தேடாமலே விளக்கு எரியும். இதெல்லாம் போதாது என்று செல்லுக்கே சொந்தமாக ஒரு மங்கிய பச்சை ஒளி உண்டு. அதனால்தான் பலரும் பச்சைச் சாயத்தை விட்டுச் சிவப்புக்குப் போகிறார்கள்.

மாறாக, ஒளி வரவில்லை என்பதால் ஆர்.என்.ஏ. இல்லை என்றும் சொல்ல முடியாது. புரோப் பைக்குள்ளேயே கிடக்கலாம். அல்லது அந்த ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்து, நாம் பொருத்த நினைத்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே படம் ஒன்று எடுத்தால் அதற்குப் பக்கத்தில் நாலு துணைப்படம் எடுக்க வேண்டும். எதற்கும் பொருந்தாத எழுத்துகள் கொண்ட ஒரு புரோப்: இதுவும் அதே அளவு ஒளிர்ந்தால் உங்கள் முதல் படம் குப்பை. எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு புரோப்: எந்தச் செல் எவ்வளவு விழுங்கியது என்று அறிய. அந்த ஆர்.என்.ஏ. இல்லவே இல்லாத ஒரு செல் வகை. கடைசியாக, நாமே அந்த ஆர்.என்.ஏ.வைக் கூட்டியும் அடக்கியும் பார்க்க வேண்டும். ஒளியும் கூடவே ஏறி இறங்கினால்தான் பேச்சு. இவ்வளவுக்கும் பிறகு அதே செல்களை உடைத்துப் பி.சி.ஆரும் செய்வோம். பழையதை விட முடிகிறதா என்றால், இல்லை.

இது வெறும் பயம் இல்லை. நானோஃப்ளேர் கருத்தில் அமைந்த ஒரு பொருள் ஆய்வுக்கூடங்களுக்காகக் கடைக்கே வந்தது. வாங்கிப் பயன்படுத்திய சில குழுக்கள், துகள்கள் எண்டோசோமுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன என்றும், ஒளிக்கும் உண்மையான ஆர்.என்.ஏ. அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றும் 2016, 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு அதன் விற்பனை நின்றது. முதல் கட்டுரைகள் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கூடத்தில், ஒரு செல்லில் நடந்ததை எல்லாச் செல்லுக்கும் நடக்கும் என்று டப்பாவில் அடைத்தது அவசரம் என்பது என் எண்ணம்.

கொஞ்சம் நம்பிக்கை தருவது இரட்டைப் புரோப் முறை. ஒரே ஆர்.என்.ஏ.வில் அடுத்தடுத்து ஒட்டும் இரண்டு புரோப்கள். முதலாவது வாங்கிய ஒளிச் சக்தியை இரண்டாவதுக்குக் கைமாற்றினால் மட்டுமே நாம் பார்க்கும் நிறம் வரும். இந்தக் கைமாற்றம் ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் நடந்தால்தான் உண்டு. ஒன்று அறுந்து தனியே எரிந்தாலும் ஏமாற வேண்டியதில்லை. இழையைச் சாதாரண டி.என்.ஏ.வாக இல்லாமல், நொதி கடிக்க முடியாதபடி வேதியியலில் சற்றே மாற்றிச் செய்வதும் உதவுகிறது.

பயான் லெப்பாஸில் தரச் சோதனையில் இருக்கிறேன். குறைந்தது எத்தனை மூலக்கூறு இருந்தால் உங்களுக்குத் தெரியும்?

இந்த அங்கிள்தான் அன்றைக்கு என்னை வியர்க்க வைத்தவர். ஒரு ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு சாயம் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. பல மரபணுக்களுக்கு ஒரு செல்லில் சில பத்துச் சீட்டுகளே இருக்கும். அவ்வளவு குறைந்த வெளிச்சம் செல்லின் சொந்த ஒளியிலேயே மூழ்கிவிடும். பெருக்க வழி இருக்கிறது: 2004இல் டர்க்ஸ், பியர்ஸ் இருவரும் காட்டிய தொடர்முறையில், ஒரு ஆர்.என்.ஏ. ஒரு கொண்டை ஊசியைத் திறக்க, அது அடுத்ததைத் திறக்க, சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். ஒன்றுக்குப் பல விளக்கு. ஆனால் யாரும் தொடாமலே தானாகத் திறந்துகொள்ளும் ஊசியையும் அதே சங்கிலி பெருக்கிக் காட்டும். "அப்போ நல்ல பீஸைத் தள்ளுவதும் கெட்ட பீஸை விடுவதும் ரெண்டும் உங்ககிட்டே இருக்கு" என்றார். ஆமாம் அங்கிள், ரெண்டும் இருக்கிறது.

தங்கம் தவிர வேறு எதுவும் இல்லையா?

நிறைய. கிராஃபீன் ஆக்சைடு தாள்: ஒற்றை இழை டி.என்.ஏ. அதில் ஒட்டி அணைந்திருக்கும், ஜோடி கிடைத்தால் தாளை விட்டுக் கிளம்பும். குவாண்டம் புள்ளிகள்: ஒளிரும் நானோ படிகங்கள், 2023 வேதியியல் நோபல் பெற்றவை, சாயம்போல் சீக்கிரம் வெளுக்காது, ஆனால் பல வகைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதால் செல்லுக்குள் விட யோசிக்க வேண்டும். 2011இல் வந்த ஸ்பினாச் வேறு வழி. சாயத்தை ஒளிர வைக்கும் ஓர் ஆர்.என்.ஏ. துண்டைச் செல்லே தயாரிக்குமாறு மரபணுவில் எழுதிவிடுவது. விழுங்க வைக்கும் தொல்லை இல்லை, ஆனால் நோயாளியிடமிருந்து எடுத்த செல்லில் உட்கார்ந்து மரபணு எழுத யாருக்கு நேரம்?

இங்கே அதிகம் காணும் மூக்குத்தொண்டைப் புற்றுக்கு இது பயன்படுமா?

மலேசியாவில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் இந்தப் புற்று அதிகம். இதன் முக்கிய வகை எப்ஸ்டைன்-பார் வைரஸோடு தொடர்புடையது. அந்த வைரஸ் ஈபர் என்ற இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்களைத் தயாரிக்கிறது, ஒரு செல்லில் 10 லட்சம் நகல்கள்கூட இருக்கலாம். சில பத்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டால் இது கொட்டிக் கிடக்கும் செல்வம். நோயியல் மருத்துவர்கள் திசுத் துண்டில் ஈபரைத் தேடும் சோதனையை நெடுநாளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் அந்தத் திசு பதப்படுத்தப்பட்டது, உயிரில்லாதது.

உயிருள்ள செல்லில் அதையே பார்க்கலாமே என்றால் ஒரு சிக்கல்: ஈபர் பெரும்பாலும் செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) இருக்கிறது. எங்கள் புரோப் பையை விட்டு வெளியேறவே திணறுகிறது. அதற்குமேல் கருவின் வாசலையும் தாண்ட வேண்டும். ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. நோயாளிக்கு, இன்றைக்கு, பழைய முறையே போதும்.

கிளினிக்கில் எப்போது வரும்?

இப்போதைக்கு நீங்கள் கேட்டு வாங்கக்கூடிய சோதனை எதுவும் இதில் இல்லை. காய்ச்சல் வந்தால் டிங்கிக்கு என்.எஸ்.1 சோதனை எடுங்கள், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். இந்தப் புரோப்கள் இன்றைக்கு ஆய்வுக்கூடக் கருவிகள். தட்டில் வளரும் செல்லில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவுகின்றன. அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவிலிருந்து உயிருள்ள புற்றுச் செல்களைப் பிரித்தெடுக்க உதவலாம். மனித உடம்புக்குள் செலுத்துவது மிகத் தூரத்துப் பேச்சு. துகள் ஈரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்துவிட்டால் எப்போது வெளியேறும் என்ற கேள்வியே முதலில் நிற்கும்.

பாசார் மாலாமில் 'நானோ' என்று எழுதி விற்கும் வளையலையும் தண்ணீர்ப் போத்தலையும் காட்டி ஓர் அம்மா கேட்டார். அதற்கும் இதற்கும் எழுத்து மட்டும்தான் ஒற்றுமை.

பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று வெளிச்சம் அடித்தால் செல் சாகாதா?

சாகும். லேசர் ஒளியே செல்லுக்கு நஞ்சு. அதனால் குறைந்த ஒளி, குறைந்த நேரம். அறை குளிர்சாதனத்தில் நடுங்கும், நாங்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். செல் மட்டும் 37 பாகை சூட்டில், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடில் சுகமாக இருக்கும்.

மகள் எஸ்.டி.பி.எம். எழுதுகிறாள். இதைப் படிக்க வேண்டுமானால்?

வேதியியலை விடச் சொல்லாதீர்கள். உயிரியல் பிள்ளைகள் பலர் வேதியியலில் பயந்து திரும்பிவிடுகிறார்கள்; இங்கே இரண்டும் வேண்டும். பினாங்கிலேயே, மிண்டனில் யு.எஸ்.எம். இருக்கிறது, அதன் இன்ஃபோர்ம் கழகம் மூலக்கூறு மருத்துவத்துக்கென்றே அமைந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், செராஸில் யு.கே.எம்.மின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம். இளங்கலையில் எந்தப் பெயரில் சேர்ந்தாலும் இறுதியாண்டு ஆய்வை மைக்ராஸ்கோப் இருக்கும் கூடத்தில் செய்யக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் காட்டிய படங்களில் இருந்த நிறம் உண்மையா?

இல்லை தம்பி. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் சை5 சாயம் 670 நானோமீட்டர் பக்கம் ஒளிர்கிறது. அந்த ஆழ்ந்த சிவப்பு கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கருவி எடுப்பது கறுப்பு வெள்ளை எண்கள். நிறம் பிறகு நாங்கள் பூசுவது. அவரவர் விருப்பம், நான் பச்சை பூசுவேன்.

வீட்டுக் கூடத்தில் அம்மா ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தைப்பூச ராத்திரி தண்ணீர்மலை சாலை மாதிரி ஒவ்வொரு செல்லும் ஜொலிக்கும். வருகிறவர்களிடமெல்லாம் "மக கண்டுபிடிச்ச கேன்சர்" என்பார். அது எதற்கும் பொருந்தாத எழுத்துகள் கொண்ட புரோப் போட்ட தட்டு. இருட்டாக இருந்திருக்க வேண்டியது. அதற்கு அப்புறம் மூன்று மாதம் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.